28-வது கிலோமீட்டரில் வயிற்றைப் புரட்டியது. எங்கே தப்பு செய்தேன்?

மூக்கனேரிக்கரை | ஞாயிறு, பிற்பகல் 1.20

இன்று காலை சேலத்தில் என் முதல் முழு மாரத்தான். 42.2 கிலோமீட்டரையும் கடந்தேன், பதக்கமும் கையில் இருக்கிறது. ஆனால் ஓடி முடித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. 5 மணி 41 நிமிடம். கடைசி 14 கி.மீ. கிட்டத்தட்ட முழுக்க நடைதான்.

ஐந்து மாதம் ஒழுங்காகப் பயிற்சி எடுத்தேன். வார நாட்களில் கன்னங்குறிச்சி ஏரிக்கரையில் 8, 10 கி.மீ. ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டம் எல்லாம் ஏற்காட்டில். நாலரைக்கு பைக்கில் மலையேறி, ஏரியைச் சுற்றி, பகோடா பாயின்ட் பக்கம் போய்த் திரும்புவேன். 32 கி.மீ. வரை ஓடியிருக்கிறேன். ஒரு நாளும் வயிறு தகராறு செய்ததில்லை.

இன்று 5 மணிக்குத் தொடக்கம் என்றார்கள். கொடியசைக்க வேண்டியவர் வந்து சேர 5.40 ஆகிவிட்டது. போட்டியின் பெயர் இங்கே வேண்டாம், தண்ணீர் ஏற்பாட்டில் குறையே இல்லை. முதல் பாதி 2 மணி 5 நிமிடம். அப்போதே வெயில் முதுகில் ஏறிவிட்டது. 25 தாண்டியதும் வயிற்றுக்குள் குடத்துத் தண்ணீர் மாதிரித் தளும்பியது. 27-ல் வாயெல்லாம் எச்சில் ஊறியது. 28-ல் ஒரு புளியமரத்தடியில் குனிந்துவிட்டேன். வந்தது சாப்பாடு இல்லை. தெளிந்த தண்ணீர், அதில் 24-ல் சாப்பிட்ட ஆரஞ்சு ஜெல்லின் (ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடும் இனிப்புக் கூழ்) வாசனை அப்படியே இருந்தது.

இப்போது மண்டை இடிக்கிறது. நீர்ச்சத்து குறைந்துவிட்டது என்று அம்மா சொம்பு சொம்பாகத் தண்ணீர் தருகிறார். அடுத்த முறை இன்னும் அதிகம் குடிக்க வேண்டுமா?

ஐந்துரோடு_எக்ஸ்பிரஸ் | பிற்பகல் 1.34

முதல் மாரத்தானுக்கு வாழ்த்துகள் நண்பா! மார்ச் மாதச் சேலத்தில் 11 மணி வரை ரோட்டில் நின்றதே பெரிய விஷயம். இது சந்தேகமே இல்லாமல் தண்ணீர்க் குறைவுதான். அம்மா சொல்வதைக் கேளுங்கள். அடுத்த முறை தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும்.

அடிவாரம்_வாசி | பிற்பகல் 1.41

தம்பி, புரட்டியது என்று மட்டும் சொன்னால் எப்படி? கிளம்பும் முன் என்ன சாப்பிட்டாய், எத்தனை இடத்தில் எவ்வளவு குடித்தாய், ஒன்று விடாமல் எழுது. அதுவரை அந்தச் சொம்பைக் கொஞ்சம் கீழே வை.

மூக்கனேரிக்கரை | பிற்பகல் 1.55

சொல்கிறேன் சார். காலை 3 மணிக்கு இரண்டு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால் காப்பி. தொடக்கம் தள்ளிப்போன நாற்பது நிமிடத்தில், சும்மா நிற்கிறோமே என்று ஒரு லிட்டர் பாட்டிலைக் காலி செய்தேன். பிறகு 2 கி.மீ.க்கு ஒரு தண்ணீர்ப் பந்தல். 28 வரை 14 பந்தல், ஒன்றையும் விடவில்லை. 200 மில்லி சின்ன பாட்டில், ஒவ்வொரு இடத்திலும் ஒன்று. 8, 16, 24-ல் ஜெல். ஜெல் சாப்பிட்ட கையோடு அங்கே வைத்திருந்த குளுக்கோஸ் கரைசல். பாயசம் மாதிரி இனிப்பாக இருந்தது. வாந்திக்கு அப்புறம் பார்த்தவர்கள் எல்லாம் தண்ணீர் குடி, தண்ணீர் குடி என்றார்கள். நடந்துகொண்டே இன்னும் இரண்டு லிட்டராவது போயிருக்கும்.

இரவுப்பணி_அக்கா | பிற்பகல் 2.03

தம்பி, வெறும் தண்ணீர் குடிப்பதை இப்போதே நிறுத்து. நான் செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை. நாலு கேள்விக்கு உடனே பதில் சொல். கை விரல் வீங்கியிருக்கிறதா? வீட்டில் எடை மெஷின் இருந்தால் ஏறிப் பார், ஓட்டத்துக்கு முன் எவ்வளவு? கடைசியாக எப்போது சிறுநீர் போனாய்? இன்று ஏதாவது மாத்திரை போட்டாயா?

தலைவலி கூடினாலோ, மறுபடி வாந்தி வந்தாலோ, பேச்சு குழறினாலோ, தூக்கமாகத் தள்ளினாலோ இங்கே எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்காதே. நேரே அவசரப் பிரிவுக்குப் போ. மாரத்தான் ஓடினேன், நிறையத் தண்ணீர் குடித்தேன், சோடியம் பாருங்கள் என்று நீயே சொல். சொல்லாவிட்டால் மயக்கம் என்று நினைத்து முதலில் குளுக்கோஸ் பாட்டிலை ஏற்றிவிடுவார்கள்.

மூக்கனேரிக்கரை | பிற்பகல் 2.20

அக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் கையைப் பார்த்தேன். மோதிரம் விரலில் புதைந்து கிடக்கிறது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவி உருவிப் பார்த்தார், முட்டியைத் தாண்டவில்லை. வாட்ச் பட்டையை இரண்டு ஓட்டை தளர்த்திப் போட்டேன். வெயில் வீக்கம் என்று நினைத்திருந்தேன்.

எடை 62.3. நேற்றுக் காலை 61.5. சிறுநீர் 4 மணிக்கு வீட்டில் போனதுதான், அதற்கப்புறம் இல்லை.

முட்டி வலிக்குமே என்று கிளம்பும்போது வலி மாத்திரை ஒன்று போட்டேன். அதுவும் இந்தக் கணக்கில் வருமா?

இரவுப்பணி_அக்கா | பிற்பகல் 2.41

வரும். அதுதான் முதல் வரியிலேயே வர வேண்டியது.

42 கி.மீ. வெயிலில் போய்விட்டு வந்தவன் ஒன்றிரண்டு கிலோ இளைத்திருக்க வேண்டும். நீ 800 கிராம் கூடியிருக்கிறாய். வியர்வையில் உப்பும் போகிறது, நீ உள்ளே ஊற்றியது வெறும் தண்ணீர். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 135-லிருந்து 145 வரை இருக்க வேண்டியது 135-க்குக் கீழே இறங்கினால் குமட்டல், தலைவலி, வீக்கம். ரொம்பவும் இறங்கினால் மூளை வீங்கி வலிப்பு, உயிருக்கே ஆபத்து. ரத்தம் பார்க்காமல் உனக்கு இதுதான் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மோதிரம், எடை, தலைவலி மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

இன்னொரு கெட்ட சுழற்சியும் உண்டு. நீண்ட ஓட்டத்தில் சிறுநீரை அடக்கும் ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கும். குமட்டலே அதை மேலும் சுரக்க வைக்கும். அதனால் குடித்தது வெளியே போகாமல் உள்ளேயே தங்கும். புரூஃபன் வகை வலி மாத்திரை சிறுநீரகத்தையும் மந்தப்படுத்தி, குடல் சவ்வையும் புண்ணாக்கும். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் மாரத்தானில் பிரிட்டன் வீராங்கனை பவுலா ராட்க்ளிஃப் 36 கி.மீ. அருகே சாலையோரம் உட்கார்ந்து அழுததைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். கால் காயத்துக்குச் சாப்பிட்ட, அழற்சியைக் குறைக்கும் மாத்திரைகள் வயிற்றைக் கெடுத்துவிட்டன என்று அவரே பிறகு சொன்னார். உலக சாதனைக்காரிக்கே அந்த நிலை.

இப்போதைக்கு உப்புப் போட்ட ஏதாவது கொஞ்சமாகச் சாப்பிடு. ஊறுகாய் வைத்த தயிர் சாதம் போதும். வீட்டில் யாராவது கூடவே இருக்கட்டும்.

மூக்கனேரிக்கரை | இரவு 8.15

அம்மாவுக்குப் பயம் பிடித்து மூன்று மணிக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டார். சோடியம் 131. இரண்டு மணி நேரம் படுக்க வைத்து, தண்ணீர் தராமல் பார்த்துக்கொண்டார்கள். ஆறு மணிக்கு மேல் மடை திறந்த மாதிரி நாலு தடவை சிறுநீர் போனது. தலைவலி இறங்கிவிட்டது. மோதிரமும் இப்போதுதான் கழன்றது. நன்றி அக்கா. வேறென்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஐந்துரோடு_எக்ஸ்பிரஸ் | இரவு 8.40

நல்லபடியாக வீடு வந்ததில் சந்தோஷம். தவறாகச் சொன்னதற்கு மன்னிக்கவும். ஆனால் ஒன்று கேட்கிறேன். சேலத்து வெயிலில் தண்ணீர் குடிக்காதே என்று பேசுவது ஆபத்தில்லையா? இதைப் படிக்கிற பத்து பேரில் ஒன்பது பேர் குறைவாகக் குடிப்பவர்கள்.

அடிவாரம்_வாசி | இரவு 9.05

நியாயமான கேள்வி. ஆனால் குடிக்காதே என்று இங்கே யாரும் சொல்லவில்லை.

எனக்கு 61 ஆகிறது. ஸ்டீல் பிளான்ட் வேலைக்கு முன்பிருந்தே ஓடுகிறேன். அந்தக் காலத்தில் ஓடும்போது தண்ணீர் குடித்தால் விலா பிடிக்கும் என்று குவளையைப் பிடுங்கி வைப்பார்கள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ள ஓடினோம், அது முட்டாள்தனம். பிறகு காற்று மாறியது, வயிறு தாங்கும் மட்டும் குடி என்றார்கள். அந்த உபதேசம் வந்த பிறகுதான் அக்கா சொன்ன வியாதி பந்தயங்களில் கண்ணில் பட ஆரம்பித்தது. பாஸ்டனில் 2002-ல் ஓட்டம் முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. அதோடு மிக நெருங்கிய தொடர்பு உள்ளதாகத் தெரிந்தது, ஓட்டத்தின்போது எடை கூடியதுதான்.

தாகம் எடுத்தால் குடி, எடுக்காவிட்டால் பந்தலைத் தாண்டிப் போ. பந்தல்காரன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

அப்புறம் தம்பி, தண்ணீரோடு கதை முடியவில்லை. நீ ஏற்காட்டில் ஓடிப் பழகி சேலத்தில் போட்டி போட்டிருக்கிறாய். ஊர் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1,500. காலையில் ஏழெட்டு டிகிரி வித்தியாசம். வெயிலுக்கு உடம்பு பழகப் பத்துப் பதினாலு நாள் வேண்டும். பழகிய உடம்பில் ரத்தத்தின் நீர் அளவு கூடும், வியர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பு குறைவாக இருக்கும். உனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஏற்காட்டு வேகத்தை அப்படியே கீழே கொண்டுவந்து முதல் பாதியை 2.05-ல் ஓடியிருக்கிறாய். தோலைக் குளிரவைக்கவும் கால் தசைக்கும் ரத்தம் ஓடிவிட்டால் வயிற்றுக்கு மிச்சம் என்ன இருக்கும்? பட்டினி கிடக்கிற வயிறு எதையும் கீழே தள்ளாது. 24-ல் போட்ட ஜெல் 28-ல் வாசனை மாறாமல் வந்தது என்றாயே, பதில் அங்கேயே இருக்கிறது.

காப்பித்தோட்டம் | இரவு 9.30

எங்கள் மலையை வில்லனாக்கிவிட்டீர்களே சார். ஏற்காட்டில் ஓடிய காலுக்குச் சேலத்துப் பாலமெல்லாம் மேடே இல்லை. கால் மலையில் பழகட்டும், தோல் ஊரில் பழகட்டும். கடைசி இரண்டு வாரம் மலைக்கு வராமல் கீழேயே எட்டு மணி வெயிலில் மெதுவாக ஓடினால் போதுமே.

வயிற்றைப் புரட்டுவதைப் பற்றி என்னிடம் கேளுங்கள். பிறந்து வளர்ந்தது ஏற்காடு, ஆனால் இன்றைக்கும் பஸ்ஸில் இறங்கினால் இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டேதான் வருவேன். அதே ரோட்டில் ஓடி இறங்கினால் ஒன்றும் செய்யாது.

இரவுப்பணி_அக்கா | இரவு 9.44

அது காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு செய்யும் வேலை. கண் ஒன்று சொல்ல, காது ஒன்று சொல்ல, வயிறு நடுவில் மாட்டிக்கொள்ளும். ஓட்டத்தில் வருவது வேறு. ஓடுபவர் சிலர் பயண வாந்தி மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். வேண்டாம். சிலது தூக்கம் தரும், சிலது இதயத் துடிப்பில் விளையாடும். குமட்டல் என்பது உடம்பு கொடுக்கும் மணி. மணியின் நாக்கைக் கட்டிவிட்டு ஓடக் கூடாது.

கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 6.10

ஜெல் விஷயத்தை யாரும் தொடவில்லை. ஒரு ஜெல்லில் ஏறக்குறைய 25 கிராம் மாவுச்சத்து. அதைச் சுமார் 350 மில்லி வெறும் தண்ணீரோடு சேர்த்தால் 7 சதவீதக் கரைசல், வயிறு ஏற்றுக்கொள்ளும் அளவு. இவர் அதன் மேல் பாயசம் மாதிரி குளுக்கோஸை ஊற்றியிருக்கிறார். சாதாரணமாக 6 சதவீத பானம் 200 மில்லி என்று வைத்தாலே அதில் 12 கிராம். ஆக 37 கிராம், அந்தப் பந்தலின் பாட்டிலைச் சேர்க்காமல் பார்த்தால் திரவம் கால் லிட்டர்கூட இல்லை, 15 சதவீதத்துக்கு மேல் போகிறது. அவ்வளவு கெட்டியான சர்க்கரை வயிற்றை விட்டு லேசில் நகராது, குடலுக்குள் போனாலும் உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும். அதன் மேல் அடுத்த பந்தலின் பாட்டில்கள். தளும்பாமல் என்ன செய்யும்?

ஜெல்லுக்குத் தண்ணீர் மட்டும். எலக்ட்ரோலைட் (உப்பும் சர்க்கரையும் கலந்த பானம்) குடிக்கிற பந்தலில் ஜெல் வேண்டாம். மணிக்கு 30-லிருந்து 60 கிராம் மாவுச்சத்து என்பார்கள். 30-ல் ஆரம்பித்துப் பயிற்சியிலேயே குடலைப் பழக்குங்கள்.

ஆறுதலுக்கு ஒன்று. 2019-ல் தோகாவில் உலக சாம்பியன்ஷிப் பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து நள்ளிரவில் வைத்தார்கள். அப்படியும் 68 பேர் கிளம்பி 40 பேர்தான் முடித்தார்கள். வென்ற செப்ன்கெடிச்சின் நேரம் 2 மணி 32 நிமிடம், அவர் தரத்துக்கு அது மிக மெதுவான ஓட்டம். எல்லோரையும் விட வேகமாக ஓடக்கூடியவரே மெதுவாகத்தான் போனார்.

செவ்வாய்ப்பேட்டை_வாக்கர் | திங்கள், காலை 7.02

நான் ஓட மாட்டேன், நடப்பேன். ஒரு சந்தேகம். வியர்வைக்கு இளநீர் நல்லதுதானே? மெடிக்கல் கடையில் கலர் கலராக அட்டை டப்பாவில் விற்றதே ஓ.ஆர்.எஸ்., அது?

இரவுப்பணி_அக்கா | திங்கள், காலை 7.30

இளநீரில் பொட்டாசியம்தான் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது முக்கியமாகச் சோடியம். ருசிக்குக் குடிக்கலாம், ஈடு செய்யாது. உப்புப் போட்ட நீர்மோர் மேல்.

அந்த அட்டை டப்பாக்களில் பலதும் வெறும் சர்க்கரைத் தண்ணீர். அதனால்தான் 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அப்படிப்பட்ட பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என்றது. உண்மையான பொட்டலத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் என்று இருக்கும். ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ். சரியாக ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், டம்ளரில் கொட்டக் கூடாது.

ஓடுகிறவர்கள் ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பக்கத்தில் ஓடுகிறவர் தள்ளாடினால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், வெயில் அடி என்றே வைத்துக்கொள்ளுங்கள். வியர்க்கிறதே என்று ஏமாறாதீர்கள், ஓட்டத்தில் வரும் வெயில் அடியில் வியர்வை இருக்கும். 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை சும்மா நிற்காமல் நிழலில் போட்டு, கிடைத்த தண்ணீர், ஐஸ் எல்லாவற்றையும் உடம்பின் மேல் கொட்டுங்கள். வாயில் ஊற்ற வேண்டாம்.

மூக்கனேரிக்கரை | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10.50

எல்லோருக்கும் கணக்கு ஒப்படைக்க வந்தேன்.

முதல் பத்து நாள் ஓடவே இல்லை. அப்புறம் கணக்குப்பிள்ளை தனியாக அனுப்பிய யோசனைப்படி ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் துணியில்லாமல் எடை பார்த்து, நடுவில் குடித்ததைச் சேர்த்துக் கணக்குப் போட்டேன். ஏரிக்கரையில் ஆறு மணிக்கு ஓடினால் மணிக்கு 900 மில்லி வியர்க்கிறது. அதே கரையில் எட்டு மணிக்கு 1,300. ஏற்காட்டில் 500-ஐத் தாண்டவில்லை. ஐந்து மாதம் அரை லிட்டர் வியர்த்தே பழகியிருக்கிறேன்.

போட்டி அன்று 28 கி.மீ. வரை மூன்று லிட்டர் வியர்த்திருந்தால் அதிகம். பாட்டில், குளுக்கோஸ், நின்றுகொண்டே குடித்த லிட்டர் எல்லாம் சேர்த்து உள்ளே போனது நாலரைக்குக் கிட்டே.

இன்று கீழேயே 30 கி.மீ. ஐந்தரைக்குக் கிளம்பி எட்டே முக்காலுக்கு முடித்தேன். மாத்திரை இல்லை. பாலை விட்டுவிட்டு வரக்காப்பி. தாகத்துக்கு மட்டும் குடித்தேன், மணிக்கு அரை லிட்டர் போல வந்தது, பாதி உப்பு மோர். குடிக்காத தண்ணீரைத் தலையில் ஊற்றினேன், கழுத்தில் ஈரத்துண்டு. நம் ஊர்க் காற்று காய்ந்த காற்று என்பதால் துண்டு இரண்டு கி.மீ.க்குள் உலர்ந்துவிடுகிறது, ஆனால் அதுவரை சுகம்.

குமட்டல் வரவில்லை என்று எழுதத்தான் ஆசை. 26-ல் வந்தது. அதே எச்சில். நின்றேன், நிழலுக்குப் போனேன், பத்து நிமிடம் நடந்தேன், இஞ்சி மொரப்பா ஒன்றை வாயில் அடக்கினேன். போய்விட்டது. மீதி நாலு கி.மீ.யும் ஓடினேன். எடை 1.4 கிலோ குறைந்திருக்கிறது. மோதிரம் லூசாகச் சுற்றுகிறது.

ஐந்துரோடு_எக்ஸ்பிரஸ் | காலை 11.05

1.4 கிலோ! மூன்று வாரத்துக்கு முன் என்றால் குடம் குடமாகக் குடிக்கச் சொல்லியிருப்பேன். வாயை மூடிக்கொள்கிறேன்.

இரவுப்பணி_அக்கா | காலை 11.20

உன் எடைக்கு இரண்டே கால் சதவீதம்தான், பயப்பட ஒன்றுமில்லை. சாப்பாட்டோடு மெதுவாகக் குடித்து ஈடு செய். 26-ல் வந்ததற்கு வேகத்தைப் பார், என்ன ஓடினாய்?

மூக்கனேரிக்கரை | காலை 11.24

கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 10 விநாடி அக்கா.

அடிவாரம்_வாசி | காலை 11.26

ஏப்ரல் வெயிலில் 6.10! இன்னும் ஏற்காட்டுக் கால்தான் இவனுக்கு. 6.45-க்கு மேல் வேகம் காட்டினால் காதைத் திருகுவேன்.

சரி, அடுத்த ஞாயிறு ஐந்து மணிக்கு அடிவாரம் செக்போஸ்ட்டுக்கு வந்து சேர். இருபது வளைவும் என் வேகத்தில் ஏறுகிறோம். மோர் என் வீட்டில் கடைந்து வரும்.

காப்பித்தோட்டம் | காலை 11.31

மேலே காப்பி என் செலவு. இறங்குவது எப்படி?

அடிவாரம்_வாசி | காலை 11.33

பஸ்ஸில்தான். நீயும் கூட வா, எலுமிச்சம்பழம் இரண்டு எடுத்து வை.